பிரான்சுவாவின் ஒன்றரை அடி

பிரான்சுவாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். அதில் பத்து வணக்கம், பத்து நன்றி, மிச்சம் பத்து மன்னிப்பு. இந்த முப்பதை வைத்துக்கொண்டே அந்த மனிதர் ஐம்பது வயது வரைக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர் என்ற பெயரோடு வாழ்ந்துவிட்டார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் பெஞ்சு தேய்த்தவன். என்னை ஒருத்தரும் எதுவும் கேட்டதில்லை.

வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் கடற்கரைப் பக்கம் ஓர் ஆபீசில் கதவு திறந்துவிடுவது அவர் வேலை. அவர்கள் கப்பலேறிப் போன பிறகு, நான் தறி ஓட்டிய மில்லுக்கே வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். காலை ஏழு மணி ஷிப்டுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போய் நிற்போம். கேட்டைத் திறந்து, பாதி குனிந்து, "போன்ழூர் முசே" என்பார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக் கிடக்கிற ஆட்களுக்கு முசே என்ற மரியாதை! சிலர் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். தெருநாயைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற மனிதர் அவர். யாரோ தூரத்தில் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போலவே எப்போதும் முகத்தை வைத்திருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே நம்மை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து 'பர்தோன்' என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்.

அவர் மனைவி வேளாங்கண்ணி நேர் எதிர். கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிற பெண். இருவரும் ஒரு சொல்தா வீட்டுப் பின்கட்டு அறையில் குடியிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். ஒவ்வொரு ஜூலையிலும் சொல்தாவின் பிள்ளைகள் பிரான்சிலிருந்து லீவுக்கு வருவார்கள். வந்தால் அந்தப் பின்கட்டு அறை அவர்களுக்கு வேண்டும். காலி செய்து கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்து சேர்ந்துகொள்ளலாம். பதினோரு வருஷமாக வேளாங்கண்ணி ஜூலையில் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டு நோணாங்குப்பத்துத் தங்கை வீட்டுக்குப் போவதும், செப்டம்பரில் திரும்பி வந்து மாதா படத்தை அதே ஆணியில் மாட்டுவதுமாக இருந்தாள்.

"எனக்கு மாடி வேணாம், மச்சு வேணாம் அண்ணே. எழுந்து போன்னு யாரும் சொல்லாத ஒரு எடம் இருந்தா போதும்" என்று என்னிடமே ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆந்துவான் சாமியார் பிரசங்கத்தில் அந்த விஷயத்தைச் சொன்னார். அவர் வெள்ளைக்காரர்தான். ஆனால் ழகரத்தை எங்களைவிட நன்றாகச் சொல்வார். "ஆண்டவருக்கு இங்கே பெரிய வீடு இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு இல்லை. இது அவருக்கே வெட்கமாக இருக்கும்" என்றார். தட்டாஞ்சாவடிக்குப் போகிற வழியில் ஒரு துண்டு நிலம் கோயிலுக்கு வந்திருந்தது. கிழக்கு மேற்காக நூற்றைம்பது அடி. அதில் ஒரே வரிசையாகப் பத்து வீடு. வீட்டுக்குப் பதினைந்து அடி அகலம். கூலிக்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாரும் போய்க் கட்ட வேண்டும். வீடு இருக்கிறவனும் வர வேண்டும், இல்லாதவனும் வர வேண்டும். எது யாருடைய வீடு என்று கடைசியில்தான் சீட்டு. அதுவரை எல்லாம் எல்லாருடைய வீடு.

பத்துப் பேர் பட்டியலில் பிரான்சுவா இருந்தார். நான் இருந்தேன். மில்லில் நூல் சுற்றுகிற அஞ்சலாட்சியும் இருந்தாள். புருஷன் இறந்து மூன்று பிள்ளைகளோடு இருந்தவள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவளுக்கு நம் சாமியார் ஏன் வீடு கொடுக்கிறார் என்று ஒருவர் கேட்டதற்கு, "செங்கல்லுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுப்பதில்லையே" என்றார் சாமியார். கேட்டவன் யார் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நான்தான்.

வேலை தொடங்கும் நேரம் பார்த்துச் சாமியாருக்குக் கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்காக அவரைச் சொந்த தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் ஆகும் என்றார்கள். போகும்போது தன் கையாலேயே வரைந்த படத்தை எங்கள் மேஸ்திரி தணிகாசலத்திடம் கொடுத்து, "முதலில் கிணறு. தண்ணீர் இல்லாமல் சுவர் இல்லை. இடம் படத்தில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தில் இருந்த எழுத்தெல்லாம் பிரெஞ்சு. அந்த மங்கலான கண்ணோடு அவர் அவ்வளவு வரைந்ததே பெரிது.

தணிகாசலம் படத்தை நேராகப் பிரான்சுவாவிடம் கொண்டு போனார். வேறு யாரிடம் போவார்?

அந்தக் காட்சி இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. அந்த நிலத்தில் இருந்த ஒற்றைப் பனை நிழலில் பிரான்சுவா நிற்கிறார். சுவிசேஷம் வாசிப்பவர் போலப் படத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர். வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல அவருக்கு எங்கே வாய் வரும்? அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் காதால் வந்தது. எழுத்து என்றால் கோயில் கல்லறைகளில் பார்த்த சில எழுத்துகள்தான்.

படத்தின் நாலு ஓரத்திலும் ஒவ்வோர் எழுத்து இருந்தது. வீட்டு வரிசைக்குப் பின்னால், கிழக்கு மூலையில், சின்னக் கட்டம் ஒன்று போட்டு அதற்குள்ளும் ஓர் எழுத்து.

"இது N. நோத்ர் தாம். மாதா பக்கம்" என்றார் பிரான்சுவா. "இது E. எக்லீஸ். நம்ப கோயில் அந்தப் பக்கம்தான் இருக்குது, பாருங்க." கோயில் உண்மையிலேயே கிழக்கேதான் இருந்தது. கூட்டம் தலையாட்டியது. "S வந்து சேன். புனிதருங்க, அர்ச்சிஷ்டவங்க எல்லாருக்கும் பொது. கட்டத்துக்குள்ள P. அது பியேர். நம்ப அர்ச்சிஷ்ட இராயப்பருக்குப் பிரெஞ்சுல அதான் பேரு. அங்க சிலுவை நட்டு ஒரு குருசடி வைக்கணும்னு சாமி நெனச்சிருக்காரு."

"அப்ப கெணறு?" என்றார் தணிகாசலம்.

பிரான்சுவாவின் விரல் காகிதத்தின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே பெரிய வட்டமாக ஒன்று இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஓவுல ஆரம்பிக்கிற அர்ச்சிஷ்டவரு யாரும் இல்ல மேஸ்திரி. இது எழுத்தே இல்ல. படம். வட்டமா இருக்குது பாருங்க, இதான் கெணறு."

தணிகாசலம் விவரமான ஆள். "ஊட்ட ஒட்டிக்கினு இருக்குதே" என்று இழுத்தார். பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "முசே அலெக்சாண்டர், நீங்களும் ஒரு தபா பாருங்களேன்" என்றார்.

"பிரான்சுவா இருக்கும்போது நான் எதுக்கு?" என்றேன். முறைத்துக்கொண்டு போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். ஒரே ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். நாலு வருஷம் படித்ததில் திசைகள் எனக்குத் தெரியும். நோர், சுத், எஸ்த், உவெஸ்த். மேற்குக்கு அவர்கள் எழுதுவது O. பிரான்சுவாவும் அந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். ஆனால் காதுக்கு அது 'வெஸ்த்' என்றுதானே விழும்? அது ஓவில் ஆரம்பிக்கும் என்று கனவிலாவது தோன்றுமா? கட்டத்துக்குள் இருந்த P-தான் கிணறு, பிரெஞ்சில் 'புய்' என்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கௌரவம் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மேற்கு ஓரத்தில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். லாஸ்பேட்டையிலிருந்து காலேஜ் பிள்ளைகள்கூட வந்து மண் தூக்கினார்கள். பதினாறாவது அடியில் மண் நிறம் மாறியது. பிரான்சுவா அப்போது குழிக்குள் இருந்தார். கொத்துச் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தோம். கணுக்கால் அளவு பால் போன்ற தண்ணீரில் நின்றுகொண்டு, மேலே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாளி மேலே வந்தது. கலங்கின தண்ணீரை ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடித்தோம். கலங்கல் தெளியும் மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை. அப்படி ஓர் இனிப்பு. வேளாங்கண்ணி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெயில் சாய்ந்து, பனை நிழல் நீண்டு எல்லார் மேலும் விழுந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனசே இல்லை. எனக்கும் இல்லை. எரிச்சலை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு தணிகாசலம் கிழக்கிலிருந்து கயிறு பிடித்துக்கொண்டு வந்தார். பதினைந்து, பதினைந்து என்று முளை அடித்து, ஒன்பது வீடு ஆயிற்று. பத்தாவதுக்குக் கயிற்றை நீட்டிவிட்டு நின்றார்.

"பத்தாவது ஊடு கெணத்துக்குள்ள எறங்குது" என்றார்.

வேலை அங்கேயே நின்றது. சாமியார் வரட்டும் என்று காத்திருந்தோம். மூன்று வாரத்தில் தடிமனான கண்ணாடியோடு வந்தார். வந்ததும் கிணற்றுக்கு முன்னால் நின்றார், படத்தைக் கையில் வாங்கினார், வட்டத்தில் விரலை வைத்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, ரொம்ப மெதுவாக, "உவெஸ்த்" என்றார்.

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் அது புரிந்தது. ஒன்று நான். இன்னொருவர் பிரான்சுவா. அவர் முகத்தில் இருந்த பாட்டு நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாமியார் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறு ஞாயிறு பூசைக்குப் பிறகு பத்துக் குடும்பத்தையும் உட்கார வைத்து, "படம் தெளிவாக இல்லை. பிழை என்னுடையது. இவ்வளவு நல்ல தண்ணீரை மூட முடியாது. ஒன்பது வீடுதான் வரும். யார் காத்திருப்பது என்று சீட்டு எடுப்போம்" என்றார். பத்துச் சீட்டு மடித்து ஒரு தட்டில் இருந்தது. ஒரு சீட்டில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்காது. அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். என் மனைவி ஸ்டெல்லாமேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரான்சுவா எழுந்து நின்றார்.

"சீட்டு வேணாம் சாமி. அந்த வட்டம் கெணறு இல்ல. அது வெஸ்த். மேக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது. பேச வரும், அதுவும் கொஞ்சம்தான். தெரிஞ்ச மாதிரி படிச்சிட்டேன். இராயப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் பேர எடுத்துட்டு ஒம்போது பேருக்கும் குடுத்துடுங்க." சொல்லிவிட்டு வழக்கப்படி பாதி குனிந்தார். அந்த மனிதரிடம் இருந்த ஒரே சொத்து அந்த முப்பது வார்த்தை. அதை எல்லார் முன்னாலும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வேளாங்கண்ணியை நான் பார்த்தேன். ஜூலைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவள் அழவில்லை. முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வாய் திறந்தது அஞ்சலாட்சி. "சாமி, எனக்குத் தெரியாம கேக்கறேன். ஒரு ஊட்ட கழிக்கிறதுக்கு, எல்லா ஊட்டயும் கொஞ்சம் கொறச்சா இன்னா? பொடவ நீளம் பத்தலன்னா நாங்க ரெண்டு மடிப்பு கம்மியா வச்சிக் கட்டிக்கிறதில்ல?"

தணிகாசலம் அங்கேயே தரையில் குச்சியால் போட்டுப் பார்த்தார். கிணற்றுக்குப் போக மிச்சம் நூற்று முப்பத்தைந்து அடி. ஆளுக்கு ஒன்றரை அடி விட்டுக்கொடுத்தால் பதின்மூன்றரை அடியில் பத்து வீடும் வரும். "நான் தரேன்" என்றாள் அஞ்சலாட்சி. "நானும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். நானும், நானும் என்று அது வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கேட்கவே ஒரு பாட்டுப் போலத்தான் இருந்தது. எட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். என்னிடம் வந்து நின்றது.

"என்னால முடியாது" என்றேன்.

ஸ்டெல்லாமேரி என் கையை விட்டாள். எங்கள் வீட்டில் ஏழு பேர், இடம் போதாது என்று காரணம் சொன்னேன். பொய். அஞ்சலாட்சி வீட்டிலும் மாமியார், நாத்தனார் என்று ஆறு பேர் இருந்தார்கள். அவர் கோணலாகப் படித்த பிரெஞ்சுக்கு, நேராகப் படித்த நான் ஏன் ஒன்றரை அடி தர வேண்டும்? இதுதான் எனக்குள் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரான்சுவாதான் பேசினார். "முசே அலெக்சாண்டர் சொல்றதுல தப்பு இல்ல சாமி. அவுங்களுக்குப் பேசினது பதினஞ்சு. தப்பு என்னுது. மிச்சம் எவ்ளோ வருதோ அது எனக்குப் போதும்."

நான் தராத ஒன்றரை அடியும் அவர் பங்கிலேயே குறைய, மிச்சம் பன்னிரண்டு அடி வந்தது. வேளாங்கண்ணி தலையைத் தூக்கினாள். "பன்னண்டு அடி. சட்டுனு பெருக்கிடலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

யாருக்கு எந்த வீடு என்று அன்றே சீட்டு எடுத்தோம். கடைசி இடம், கிணற்றை ஒட்டியது, பிரான்சுவாவுக்கு என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தினது எனக்கு விழுந்தது. ஆக அவருக்கும் எனக்கும் ஒரே சுவர்.

தணிகாசலம் சுண்ணாம்புத் தூளால் தரையில் பத்து வீட்டையும் கோடு போட்டுக் காட்டினார். அதற்கு மேல் வேலை ஓடவில்லை. சிமெண்டுக்கு அப்போதெல்லாம் பர்மிட் வேண்டும். பர்மிட் வரவே இல்லை. நாலு மாதம் அந்த வீடுகள் வெள்ளைக் கோடாகவே தரையில் கிடந்தன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாரும் போய்விடுவோம். சும்மா போய்க் கோட்டுக்குள் உட்கார்ந்துகொள்வோம். இப்போது நினைத்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. ஒருவரும் கோட்டைத் தாண்டி நடக்க மாட்டார்கள். வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அஞ்சலாட்சி தன் வீட்டு அடுப்பங்கரை மூலையில் கால் நீட்டி உட்கார்ந்து, சுவர் வரப்போகிற இடத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டம்மாவிடம், "அக்கா, கொஞ்சம் புளி இருக்குதா?" என்பாள். அந்தம்மாவும் வெறுங்கையில் எடுத்து நீட்டுவாள். யாராவது வாசலுக்கு வந்தால் பிரான்சுவா எழுந்து போய், இல்லாத கதவைத் திறந்து, "வாங்க முசே, வாங்க மதாம்" என்பார். கதவு கனமாக இருப்பது போலத் தோளைக் கொடுத்துத் தள்ளுவார். அந்த ஜூலையில் வேளாங்கண்ணி வழக்கம் போலக் கோணியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். ஆனால் ஞாயிறு தவறாமல் அங்கிருந்து வந்து, தன் பன்னிரண்டு அடியைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் போனாள். மண் தரையை!

மழை வந்தால் கோடு கரைந்துபோகும். மறுநாள் மில்லுக்குப் போகும் முன்னே பிரான்சுவா சுண்ணாம்புக் கூடையோடு போய் எல்லாக் கோட்டையும் மறுபடி போட்டுவிடுவார். என் வீட்டுக் கோட்டையும் அவர்தான் போடுவார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து அளப்பேன். பதினைந்து அடி. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பதினைந்து அடி. ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. ஒரு தடவையாவது அவர் ஏமாற்றியிருந்தால் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்!

ஒவ்வொரு ஞாயிறும், 'இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், ஒன்றரை அடி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்' என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். சுண்ணாம்புக் கோடுதானே, காலால் அழித்தால் அழிந்துவிடும். அங்கே போனதும் வாய் வராது. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. எழுந்து நின்று அத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள அவரால் முடிந்தது. யாரும் இல்லாத இடத்தில், ஒருத்தரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. ஸ்டெல்லாமேரி சோறு போட்டாள். பேச்சு மட்டும் அளவோடு இருந்தது.

அக்டோபரில் திடீரென்று பர்மிட் வந்துவிட்டது. அந்த ஞாயிறே கடைக்கால் தோண்ட வேண்டும் என்றார் தணிகாசலம். எங்கள் இருவருக்கும் பொதுவான சுவருக்குக் கயிறு பிடிக்க எங்களையே விட்டார். ஒரு முனையில் அவர், மறு முனையில் நான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. "பிரான்சுவா" என்றேன்.

"கொஞ்சம் இழுத்துப் புடிங்க முசே. தொளதொளன்னு இருக்குது. உங்க பக்கம் கொறஞ்சிடப் போவுது" என்றார்.

இழுத்துப் பிடித்தேன். தணிகாசலம் கயிற்றோரம் மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டினார்.

ஞாயிறு ஞாயிறாகக் கட்டி முடித்து, எழுபத்தேழாம் வருஷம் பாஸ்குப் பண்டிகைக்குப் பிறகு வீடுகளை மந்திரித்தார்கள். சாமியார் பத்து வீட்டுக்கும் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தத்துக்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான். கிணற்றுக்கு 'வெஸ்த் கெணறு' என்று பெயர் நின்றுவிட்டது. பிரெஞ்சு வாடையே படாதவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். கிழக்கு மூலையில் இராயப்பருக்கு ஒரு சின்னக் குருசடியும் வைத்துவிட்டோம். இவ்வளவு தூரம் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சாமியாரே சொல்லிவிட்டார்.

பிரான்சுவா அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை வேலையை விடவில்லை. எங்களுக்குப் பின்னால் பங்கு மக்கள் இன்னும் இரண்டு வரிசை கட்டினார்கள். எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. மில்லில் 'போன்ழூர்' நின்றுபோகும் என்று நான் நினைத்தேன். நிற்கவில்லை. "படிக்கத் தெரியாதுன்னு சொன்னேனே ஒழிய, வணக்கம் சொல்லத் தெரியாதுன்னு சொல்லலியே" என்றார்.

அவர் வீடு நெருக்கமான வீடு. கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. பாதி திறந்த கதவு வழியாக உடம்பைத் திருப்பிக்கொண்டு போய் வருவார். என் வீட்டில் இடம் இருந்தது. அதுதான் என் கஷ்டம். முதல் நாளே பீரோவை அந்தப் பொதுச் சுவரோரம் வைக்கப் போனேன். கை வரவில்லை. தள்ளி வைத்தேன். பிறகு எதையுமே அங்கே வைக்க முடியவில்லை. சுவரோரம் நீளவாக்கில் ஒன்றரை அடி சும்மாவே கிடந்தது. பிள்ளைகள் பையைப் போட்டால் எடுக்கச் சொல்லிக் கத்துவேன். "ஏன் இப்படிப் பண்றீங்க?" என்று ஸ்டெல்லாமேரி ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. தினமும் அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை பெருக்கினாள்.

இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

எண்பத்து நாலு மே மாதம். பிரான்சுவாவின் பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கட்டிக்கொடுத்த மகள்கள், மாப்பிள்ளைகள், நோணாங்குப்பத்துச் சொந்தம் என்று அந்தப் பன்னிரண்டு அடிக்குள் இருபது பேர். பிரியாணி வாசனை சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த மதிய நேரம். நான் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. பிரான்சுவா. அக்குளில் ஒரு பாய்.

"பர்தோன் முசே. ஊட்ல நிக்க எடமில்ல. வேளாங்கண்ணிதான் சொல்லிச்சு, போய் அலெக்சாண்டர் அண்ணன் ஊட்ல நம்ப எடத்துல கொஞ்சம் படுன்னு."

நம்ப எடத்துல. அப்படித்தான் சொன்னார். உள்ளே வந்தார். எங்கே படுக்கட்டும் என்று கேட்கவில்லை. நேராக அந்தச் சுவரோரம் போனார், பாயை மெதுவாக உதறினார், நீளவாக்கில் விரித்தார். பாய் அகலமாக இருந்தது. ஓரத்தை மடித்துக்கொண்டார், ஒன்றரை அடிக்குச் சரியாக.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"போறப்ப வரப்ப உங்க ஜன்னல் வழியா தெரியுதே. ஏழு வருஷமா பெருக்கி வச்சிருக்கீங்க. வேளாங்கண்ணிதான் மொதல்ல பார்த்துச்சு. தெனம் பார்த்துட்டு வந்து சொல்லும், நம்ப எடம் சுத்தமா இருக்குதுன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதை நெருங்குகிற மனிதன், சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். "தப்புப் பண்ணிட்டேன் பிரான்சுவா. அன்னிக்குப் படத்தைப் பாருன்னு மேஸ்திரி கூப்பிட்டாரு. போகல. கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னப்பவும் சொல்ல வந்தேன். சொல்லல. செவுத்த இப்ப எப்படிய்யா நகத்துறது?"

அவர் படுத்தபடியே ஒரு பக்கம் திரும்பினார். பாய் ஓரத்தை ஒட்டித் தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"எதுக்கு நகத்தணும்? இது வரைக்கும் என்னுது. அந்தப் பக்கம் உங்களுது. நான் தாண்டி வரமாட்டேன், பயப்படாதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். "நீங்களும் ஒரு பாயப் போட்டுப் படுங்க முசே. நல்ல காத்து வருது."

உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து அவர் பக்கத்தில் விரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் யாரோ வாளி விட்டார்கள். அந்த வீட்டுக்குக் குடிவந்து ஏழு வருஷத்தில் நான் பகலில் கண் மூடித் தூங்கியது அன்றைக்குத்தான்.